இருநூற்றுப் பதிமூன்றாம் வரி

அந்த நகராட்சிக் கட்டிடத்தில் பிறப்பு இறப்புப் பதிவு மூன்றாவது மாடியில் இருந்தது. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் வருகிறவரும் ஆளைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவரும் ஒரே லிஃப்டில்தான் ஏறியாக வேண்டும். முப்பத்தாறு வருஷமாக அவர்களை ஏற்றி இறக்கியவர் ஒருவரே. எல்லாரும் அவரை லிஃப்ட்காரர் என்றே சொன்னார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவார்.

ஏறுகிறவரின் முகத்தைப் பார்த்தே எந்தச் சான்றிதழுக்கு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார். பிறப்புக்கு வருகிறவர்கள் வாய் மூடாமல் பேசுவார்கள். இறப்புக்கு வருகிறவர்கள் மாடி எண் எரிகிற விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பழைய காலத்து லிஃப்ட். இரும்பு மடக்குக் கதவு. உள்ளே 'ஆறு பேர் மட்டும்' என்று ஒரு பலகை. ஆனால் நாலு பேர் ஏறியதும் லிஃப்ட்காரர் கதவை இழுத்துச் சாத்திவிடுவார். வெளியே நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். வாசல் காவலாளிக்கு இதைச் சொல்லிக் கேலி செய்யாவிட்டால் அன்றைய பொழுது போகாது.

"நாலு பேரும் நீங்களும் அஞ்சுதானேண்ணே. ஆறாவது ஆளு எங்க?"

"அதெல்லாம் ஏறியாச்சு. நீ உன் வாசலைப் பாரு."

கேலிக்குக் கேலியாகச் சொன்ன பதில்தான். ஆனால் லிஃப்ட்காரர் ஒருமுறை கண்ணை ஓட்டித் தலைகளை எண்ணினால் அவருக்கு ஆறு என்றுதான் வரும். ஏன் ஒன்று கூட வருகிறது என்று அவர் உட்கார்ந்து யோசித்ததில்லை. அவர் படித்த ஏழாம் வகுப்புக்குக் கணக்கு அவ்வளவுதான் வரும் என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்கு அவர் ஒற்றைப் பிள்ளை. அப்பா விறகுக் கடையில் எடை போடுகிறவர். தராசில் வைப்பதற்கு முன்பே கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுகிற மனிதர். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அம்மா இவரைப் 'பெரியவனே' என்று கூப்பிடுவாள். அப்பா 'சின்னவனே' என்பார். சாப்பிட வா என்று அம்மா பெரியவனைக் கூப்பிட, கை கழுவினாயா என்று அப்பா சின்னவனைக் கேட்பார். இருக்கிறது ஒரு பிள்ளை, அதில் பெரியவன் யார் சின்னவன் யார் என்று அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். அம்மா செல்லம் கொடுக்கிறாள், அப்பா தட்டி வைக்கிறார் என்றுதான் இவர் நினைத்து வளர்ந்தார். இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

அறுபது முடிய ஒரு மாசம் இருக்கும்போது ஓய்வூதியப் பிரிவிலிருந்து ஒரு தாள் வந்தது. இனிமேல் ஓய்வு பெறுகிறவர்கள் எல்லாரும் பிறப்புச் சான்றிதழ் வைக்க வேண்டும். அதில் இருக்கிற தேதியும் பணிப்பதிவேட்டில் இருக்கிற தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓய்வூதியம் கிடையாது.

"நம்ம கட்டிடத்துலதானே. ஏறிப் போய் வாங்கிக்கிட்டு வந்தா ஆச்சு" என்றாள் அவருடைய மனைவி.

அவரும் அப்படித்தான் நினைத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்டை மூன்றாவது மாடியில் நிறுத்திவிட்டு, முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கதவுக்குள் நுழைந்தார்.

பதிவு எழுத்தர் ஒரு நடுத்தர வயதுப் பெண். தினமும் காலையில் அவருடைய லிஃப்டில் ஏறி வருகிறவள்.

"என்னண்ணே, இன்னைக்கு நீங்களே இறங்கிட்டீங்க. நல்ல விசேஷமா, கெட்டதா?"

"நான் பொறந்தேனான்னு பாக்க வந்தேன் தங்கச்சி."

"அதுல சந்தேகமா? தேதி சொல்லுங்க."

"ஆறாம் மாசம் பதினாலு."

உள் அறைக்குப் போய், காக்கித் துணியில் கட்டிய பெரிய பதிவேடு ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்தாள். அவிழ்த்ததும் பழைய பசை வாடை அடித்தது. மர அளவுகோலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். அளவுகோலை ஒரு வரி கீழே தள்ளினாள். மறுபடி மேலே ஏற்றினாள்.

"அப்பா விறகுக் கடையில எடை போடறவரா?"

"ஆமா."

"உங்களோட கூடப் பொறந்தது எத்தனை பேர்ண்ணே?"

"யாரும் இல்ல. நான் ஒத்தைப் பிள்ளை."

அவள் எதிரே இருந்த நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "கொஞ்சம் உக்காருங்க."

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு. பதினாலாம் தேதி, இரவு பதினொன்று நாற்பது, ஆண். பெயருக்கான கட்டம் காலி. அதற்கு அடுத்த வரி இருநூற்றுப் பதிமூன்று. பதினைந்தாம் தேதி, நள்ளிரவு பன்னிரண்டு பத்து, ஆண். அங்கேயும் பெயர்க் கட்டம் காலி. இரண்டிலும் அதே அப்பா, அதே அம்மா.

"இரட்டைப் பிள்ளைண்ணே. அரை மணி நேர வித்தியாசம். நடுவுல தேதி மாறிடுச்சு. பேர் வைக்கறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிச் சீட்டை வச்சு எழுதிட்டாங்க. அப்புறம் பேர் ஏத்த யாரும் வரல." அவள் அளவுகோலை ஓரமாக எடுத்து வைத்தாள். "ஒண்ணு தவறிடுச்சு. நாலாம் நாள்."

"எது?"

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது. அதை அவள் விரலால் தொட்டாள். தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று இறப்புப் பதிவேட்டையும் எடுத்துவந்து காட்டினாள். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. விறகுச் சீட்டில் போடுகிற அதே சாய்ந்த கையெழுத்து. செத்தது பதினாலாம் தேதிப் பிள்ளை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"பதினாலு நான்தானே" என்றார் லிஃப்ட்காரர்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அம்மாதான் கூட்டிப் போனாள். அவள்தான் பதினாலு என்று சொன்னாள். பள்ளிச் சான்றிதழைப் பார்த்துப் பணிப்பதிவேட்டிலும் பதினாலு என்றே ஏறிவிட்டது.

எழுத்தர் நிதானமாக விளக்கினாள். "பதிமூணாம் வரி உங்களோடதுன்னா இன்னைக்கே பேரை ஏத்திக் கொடுத்திடுவேன். ஆனா தேதி பதினஞ்சுன்னு வரும். ஒரு நாள் இடிச்சாலும் ஓய்வூதியப் பிரிவுல கோப்பைத் திருப்பி அனுப்பிடுவாங்க. பணிப்பதிவேட்டை இனிமே திருத்த மாட்டாங்க."

"அப்போ?"

"பன்னிரண்டுதான் நீங்கன்னா, அந்தச் சாவை எடுத்துப் பதிமூணுக்கு மாத்தணும். செத்தது ரெண்டாவது பிள்ளைன்னு அப்பக் கூட இருந்தவங்க யாராவது நேர்ல வந்து உறுதிமொழி கொடுக்கணும். கீழ நீங்களும் கையெழுத்துப் போடணும். மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும்ண்ணே."

அவர் இருநூற்றுப் பதிமூன்றாம் வரியையே பார்த்தார். பெயர் இல்லை, ஓரத்தில் சிவப்பு மையும் இல்லை. சுத்தமாக இருந்தது.

"இந்தப் பதிமூணு இப்போ உயிரோட இருக்கானா?"

"ஏட்டுப்படி இருக்காரு. செத்ததா எழுதாத வரைக்கும் இருக்கறவருதான்." ஏட்டைக் கட்டிக்கொண்டே அவள் சொன்னாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் 'இருக்காரு' என்று மரியாதையோடு சொன்னது அவருக்கு உறைத்தது. ஆமாம், அவனுக்கும் அறுபது வயது ஆகப்போகிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள்.

"அதான் விஷயமா? கட்டில்ல ஓரத்துல ஒண்டிக்கிட்டு, நடுவுல ஓர் ஆள் படுக்கற இடத்தை விட்டு வைப்பீங்களே. எனக்காகத்தான் விட்டுக் கொடுக்கறீங்கன்னு இத்தனை வருஷமா பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு அவளுக்கே சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் நகர்ந்து படுத்தாள்.

லிஃப்டிலும் அவருக்கு நிம்மதி போயிற்று. தனியாக ஏறுகிற வயசான ஆண்களின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். தன்னைப் போலவே காதோரம் நரைத்த ஒருவர் ஒருநாள் ஏறினார். மாடி விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது மாடியில் இறங்கிப் போனவர் திரும்பி வரக் காணோம். படி வழியாக இறங்கியிருப்பார் என்று காவலாளி சொன்னான். இருக்கலாம். இன்னொரு நாள் மத்தியானம், ஆள் நடமாட்டம் குறைந்த நேரம். கதவைச் சாத்திவிட்டு இடது பக்கம் பார்த்து, "மூணாவது மாடிதானே?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் உள்ளே தான் மட்டும் நிற்பது தெரிந்தது. பதில் வந்துவிடுமோ என்று லிஃப்ட் நிற்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கூட இருந்தவர்களில் மிஞ்சியது ஓர் ஆள்தான், அவருடைய அத்தை. அப்பாவின் தங்கை. இவர் பிறந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. அண்ணன் வீட்டில் அண்ணிக்கு ஒத்தாசையாக இருந்தவள். இப்போது ஓர் அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். தங்கும் விடுதிகளில் கிழிந்துபோகிற விரிப்புகளுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்துப் பிழைப்பு. பார்வை மங்கிவிட்டாலும் விரல் நுனியாலேயே ஊசியில் நூல் கோத்துவிடுவாள். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போதெல்லாம் அந்த அறையின் தரை அதிரும்.

"வா மருமகனே. வழி தெரிஞ்சுதா? நான் செத்தப்புறம்தான் நீ வருவியோன்னு நினைச்சேன்."

"நான்தான் செத்துட்டேன் அத்தை. ஏட்டுல எழுதியிருக்கு."

அவள் ஊசியை விரிப்பிலேயே குத்தி நிறுத்தினாள். அவர் முழுக்கச் சொல்லி முடித்தார்.

"அப்படியா எழுதிட்டான் எங்கண்ணன்" என்றாள் கடைசியில். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"ரெண்டும் ஒரே அச்சு. மச்சமும் கிடையாது, மறுவும் கிடையாது. மூத்ததுக்கு அடையாளமா உங்கம்மா கணுக்கால்ல ஒரு நீல நூலைக் கட்டினா. மூணாம் நாள் நான்தான் குளிப்பாட்டினேன். நூல் நனைஞ்சு இறுகிடுச்சு, தோல் சிவந்துபோச்சு. பாவமா இருக்கேன்னு அவுத்தேன். துடைச்சு ரெண்டையும் ஒரே துணியில படுக்க வச்சுட்டுத் தண்ணியைக் கொட்டப் போனேன். திரும்பி வந்து பாத்தா எது எதுன்னு தெரியல."

கீழே இயந்திரம் ஓடத் தொடங்கியது. அது நின்ற பிறகு அத்தை தொடர்ந்தாள்.

"பயம். பதினேழு வயசு. உங்கம்மா பக்கத்து அறையில தூங்கறா. கைக்குக் கிட்டத்துல இருந்த ஒண்ணோட கால்ல கட்டிட்டேன். மறுநாள் நூல் கட்டாத பிள்ளை போயிடுச்சு. உங்கம்மா நூலைப் பாத்தா. மூத்தவன் தப்பிச்சான்னு உன்னை நெஞ்சோட சேத்துக்கிட்டா. அவகிட்ட எப்படிச் சொல்வேன்? அண்ணன்கிட்ட மட்டும் அழுதுக்கிட்டே சொன்னேன். அவன் என்னைத் திட்டல. செத்த பிள்ளையை வாங்கி இப்படிக் கையில வச்சுத் தூக்கிப் பாத்தான், விறகு தூக்கிப் பாக்கற மாதிரி. மூத்ததுதான் கனமான பிள்ளை, இது கனக்குது, போனது மூத்ததுதான்னான்."

"அப்பாவுக்குக் கை சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

"விறகுக்குச் சரியா இருக்கும். உசுரு போன பிள்ளை கனக்கும்னு அவனுக்கு யாரு சொல்றது?"

ஒரே வீட்டுக்குள் அம்மா ஒரு பிள்ளையை வளர்த்தாள், அப்பா வேறொரு பிள்ளையை வளர்த்தார். இரண்டு பேருக்கும் இவரே மாறி மாறித் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

"அப்போ நான் யாரு அத்தை?"

"எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சா அறுபது வருஷம் இதைத் தொண்டையிலயே வச்சிருப்பேனா?"

உறுதிமொழித் தாளை அவர் எடுத்து நீட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னாள். படித்தார். இறந்தது இரண்டாவதாகப் பிறந்த ஆண் குழந்தைதான் என்பதை நேரில் அறிவேன் என்று இருந்தது.

"ஒரு தடவை தெரியாம அந்த நூலைக் கட்டினேன். இப்போ ரெண்டாந்தடவையும் என்னையே கட்டச் சொல்ற."

"வேண்டாம்னா விட்டுடலாம். ஓய்வூதியம் வராது, அவ்வளவுதான். வேற எங்கயாவது வாசல்ல நிக்கற வேலை தேடிக்கறேன்."

"முட்டி தேஞ்சுபோன ஆளை எவன் வாசல்ல நிறுத்துவான்?" அவள் விரிப்பிலிருந்து ஊசியை உருவினாள். நூலின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீ எது சொல்ற? பெரியவனா, சின்னவனா? உன் வாயால சொல்லு, நான் கட்டறேன்."

இயந்திரம் ஓடி நின்று, மறுபடி ஓடி நின்றது.

"பெரியவன்" என்றார்.

மறுநாள் காலை அத்தை ஊன்றுகோலோடு வந்தாள். காவலாளி அவளைக் கைபிடித்து லிஃப்டுக்குள் ஏற்றிவிட்டான். அன்று லிஃப்ட்காரர் வேறு யாரையும் ஏற்றவில்லை. அத்தை உள்ளே வந்ததும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டாள். பார்வை மங்கியவள் ஏன் அப்படி ஒதுங்கினாள் என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாவது மாடியில் அதிகாரி முன்னால் அத்தை வாக்குமூலம் கொடுத்தாள். நேரில் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டார். "என் கையால குளிப்பாட்டின பிள்ளைங்கய்யா" என்றாள். பெருவிரல் ரேகையை வைத்துவிட்டு மையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

எழுத்தர் பதிவேட்டைத் திறந்தாள். பன்னிரண்டாம் வரியின் ஓரத்தில் இருந்த சிவப்புக் குறிப்பின் மேல் அளவுகோலை வைத்து ஒரே கோடாக அடித்தாள். காலியாக இருந்த கட்டத்தில் லிஃப்ட்காரரின் சம்பளப் பட்டியல் பெயரை எழுதினாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தாள். பதிமூன்றாம் வரிக்கு அடியில் அளவுகோலை நகர்த்தினாள்.

"கொஞ்சம் நில்லு தங்கச்சி."

அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"பேர் எழுதிட்டு அப்புறம் எழுதலாமா?"

"நாலு நாள் பிள்ளைதானேண்ணே. பேர் இல்லாமலே இறப்பு போடலாம். பிரச்சினை இல்ல."

"ஏட்டுப்படி அவன் இருக்கான்னு நீதானே சொன்ன? அறுபது வயசு ஆளு. பேர் இல்லாம அனுப்ப வேண்டாம்."

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேறு கோப்பை எடுத்துக்கொண்டார். அவள் பேனாவை மாற்றினாள்.

"என்ன பேர் எழுத?"

"சின்னவன்."

"அது கூப்பிடற பேருண்ணே. நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க."

"எங்கப்பா கூப்பிட்ட பேர். அதையே எழுது."

அவள் எழுதினாள். மை காய ஊதினாள். பிறகு சிவப்புப் பேனாவால் ஓரத்தில் நாலாம் நாளின் தேதியைப் போட்டாள். லிஃப்ட்காரரிடம் பதிவேட்டைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அவர் போட்டார். வெளியே வரிசையில் நின்ற ஒருவர் பிறந்த குழந்தையின் எடையைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சான்றிதழ் கைக்கு வந்தது. பதினாலாம் தேதி என்று சரியாக இருந்தது. இனி ஓய்வூதியத்துக்குத் தடை இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அத்தையோடு கீழே வந்தார். காவலாளி அவளுக்கு ஒரு நாற்காலி போட்டான். வாசலில் நல்ல கூட்டம். மனைவியிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவர் பத்தடி நடந்திருப்பார். பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"சின்னவனே, ஊன்றுகோலை மேலயே வச்சுட்டு வந்துட்டேன்."

அண்ணன் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். அவளை அறியாமல் வந்துவிட்டது.

அந்தப் பெயருக்குத் திரும்பிப் பழகிய கழுத்து தானாகத் திரும்பப் போனது. அவர் திரும்பவில்லை. தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். கூட்டத்துக்குள் வேறு யாராவது, 'இதோ போறேன் அத்தை' என்று சொல்கிறார்களா என்று காது கொடுத்தார். நாலைந்து பேர் அவரை இடித்துக்கொண்டு போனார்கள்.

யாரும் சொல்லவில்லை.

அத்தைக்கும் தான் கூப்பிட்ட பெயர் அதற்குள் உறைத்திருக்க வேண்டும். அவள் மறுபடி கூப்பிடவில்லை. மை படிந்த பெருவிரலைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லிஃப்ட்காரர் திரும்பி நடந்து அவளைத் தாண்டிப் போய் லிஃப்டுக்குள் ஏறினார். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்களை அடுத்த தடவை வரச் சொல்லிவிட்டு மடக்குக் கதவை இழுத்தார். பிறகு, இத்தனை வருஷமாக நிற்கிற மாதிரியே வலது ஓரமாக ஒதுங்கி நின்று, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, மூன்றாம் எண்ணை அழுத்தினார்.